பாழூர்களும் பாலைநில ஓடுபாதைகளும்: அமெரிக்கத் தென்மேற்கு கற்பிக்கும் வரலாறு

1. பாலை என்னும் நிலை

நிலத்தை ஐந்திணையாகப் பகுத்த நம் இலக்கண மரபில் பாலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் வகுத்த தொல்காப்பியம் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் கோடை வெயிலில் தம் இயல்பு திரிந்து மேற்கொள்ளும் வடிவமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்கம் தருகிறது. ஆகவே, நம் முன்னோர் பார்வையில் பாலை என்பது ஒரு நிலத்திற்கு நேர்ந்த நிலை. அந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்று கேட்பதற்கு அங்கே இடமுண்டு.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்மேற்குப் பகுதியை நோக்குவோர்க்கு இக்கேள்வி மிகவும் பயன்படும். நெவாடா, அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியாவின் கிழக்குப் பகுதி ஆகியவற்றில் பரந்து கிடக்கும் மொஹாவி, சொனோரா, கிரேட் பேசின் முதலிய பாலைநிலங்களில் ஆளற்ற ஊர்களும் விமானம் இறங்காத ஓடுபாதைகளும் எண்ணற்றவை உள்ளன. ஆண்டு முழுவதும் 250 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத இடங்கள் அவற்றுள் பல. மழைநாட்டில் வாழும் நமக்கு அக்காட்சி புதிது. இங்கு ஒரு வீட்டைச் சில ஆண்டுகள் பூட்டி வைத்தால் கொடியும் பாசியும் கறையானும் அதைத் தமதாக்கிக்கொள்ளும். அங்கோ, நூறாண்டுக்கு முன் எழுப்பிய சுவர் இன்றும் நிற்கிறது. எண்பதாண்டுக்கு முன் பீரங்கி வண்டி உருண்ட தடம் இன்றும் மண்ணில் தெரிகிறது. வறட்சி, பொருள்களைக் காக்கும் காப்பகமாக அமைந்துவிட்டது.

இவ்விடங்களைக் காணச் செல்வோர் பலர், பாலைவனம் மனிதனை வென்றுவிட்டது என்று கருதித் திரும்புகின்றனர். அக்கருத்து பெரும்பாலும் தவறானது. இவ்வூர்கள் அழிந்தமைக்குக் காரணமான முடிவுகள் தொலைவில் இருந்த பங்குச் சந்தைகளிலும் அரசு அலுவலகங்களிலும் மாநகர மன்றங்களிலும் எடுக்கப்பட்டவை. நான்கு எடுத்துக்காட்டுகளின் வழி இதனைக் காண்போம்.

2. பொன் எழுப்பிய ஊர்: ரையோலைட்

நெவாடா மாநிலத்தில், மரணப் பள்ளத்தாக்கின் கிழக்கு விளிம்பிற்கு அருகில் உள்ளது ரையோலைட். 1904 ஆகஸ்டு மாதம் ஷார்ட்டி ஹாரிஸ், எட் கிராஸ் என்னும் இரு பொன் தேடிகள் அருகிலுள்ள புல்ஃப்ராக் குன்றுகளில் பொன்தாதுவைக் கண்டனர். செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். முதலில் கூடாரங்கள், பின்னர் மரக் குடில்கள், அதன்பின் கல்லும் கான்கிரீட்டுமாகக் கட்டடங்கள் எழுந்தன. 1907, 1908ஆம் ஆண்டுகளில் மக்கள்தொகை 3,500 முதல் 5,000 வரை இருந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு. மின்விளக்கு, குடிநீர்க் குழாய், தொலைபேசி, மருத்துவமனை, பள்ளி, நாடக அரங்கு, பங்குச் சந்தை ஆகிய அனைத்தும் அங்கு இருந்தன. மூன்று இருப்புப்பாதை நிறுவனங்கள் ஊரை வெளியுலகோடு இணைத்தன. 1908இல் கட்டி முடிக்கப்பட்ட மூன்றடுக்கு வங்கிக் கட்டடத்திற்கு மட்டும் ஏறத்தாழ 90,000 டாலர் செலவாயிற்று.

ஊரின் உயிர்நாடி மாண்ட்கோமரி ஷோஷோனி என்னும் சுரங்கம். எஃகுத் தொழிலதிபர் சார்லஸ் ஷ்வாப் 1906இல் அதை விலைக்கு வாங்கினார். அவருடைய பெயரே முதலீட்டாளர்களுக்கு நம்பிக்கை அளித்தது. சுரங்கத்திலிருந்து வெளிவந்த பொன்னைக் காட்டிலும், வெளிவரப்போகும் பொன்னின் பேரில் விற்ற பங்குகளே ஊரை வளர்த்தன எனலாம்.

வளர்ச்சி கடன் முதலை நம்பியிருந்ததால், முதல் வற்றியதும் ஊர் தளர்ந்தது. 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. மேற்குக் கடற்கரையின் நிதி மையம் நிலைகுலைந்தது. 1907 அக்டோபரில் நியூயார்க்கில் நிதி நெருக்கடி வெடித்தது. வங்கிகள் கடன் தருவதை நிறுத்தின. 1908இல் சுரங்கத்தின் மதிப்பை ஆய்ந்த தனியறிக்கை, அது மிகையாக மதிப்பிடப்பட்டதென உணர்த்தவே பங்கு விலை சரிந்தது. 1911இல் சுரங்கம் மூடப்பட்டது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 675 பேர் இருந்த ஊரில், 1920இல் இருபது பேர்கூட இல்லை. 1916இலேயே மின்சாரம் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஆசிரியர்கள் கருதத்தக்க ஒரு செய்தி இங்குண்டு. ஊரின் இரண்டடுக்குக் கான்கிரீட் பள்ளிக்கூடம் 1909இல்தான் முடிவுற்றது. அப்போது குடும்பங்கள் வெளியேறத் தொடங்கிவிட்டன. ஓர் ஊர் தன் எதிர்காலத்தின் மீது வைத்த நம்பிக்கைக்குப் பள்ளியைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்நம்பிக்கை எவ்வளவு விரைவாகப் பொய்த்தது என்பதற்கும் அதே கட்டடம் சான்றாக நிற்கிறது.

ரையோலைட்டில் இன்று காணப்படும் மற்றொரு கட்டடம், டாம் கெல்லி என்பவர் 1906இல் ஏறத்தாழ 50,000 மதுப் புட்டிகளைக் கொண்டு எழுப்பிய வீடு. மரம் அரிதான அந்நிலத்தில் மதுக்கடைகளின் கழிவாகப் புட்டிகள் மலிந்து கிடந்தன. கிடைத்ததைக் கொண்டு கட்டுவது பாலைநில வழக்கம். அவ்வழக்கமே ஊரின் மறைவையும் விளக்குகிறது. ரையோலைட் இடிந்து மறையவில்லை. பிரித்து எடுத்துச் செல்லப்பட்டது. பலகைகளும் கதவுகளும், சில வேளைகளில் முழுக் கட்டடங்களும் அருகிலுள்ள பீட்டி என்னும் ஊருக்குச் சென்றன. எளிதில் பெயர்க்க இயலாத கல்லும் கான்கிரீட்டுமே எஞ்சின.

இத்துடன் ஓர் ஒப்பீட்டையும் காண்பது தகும். ரையோலைட் தழைத்த அதே 1905ஆம் ஆண்டில், தெற்கே ஓர் இருப்புப்பாதை நிறுவனம் மனைகளை ஏலமிட்டு ஒரு சிற்றூரைத் தொடங்கியது. 1910இல் அவ்வூரின் மக்கள்தொகை ஆயிரத்தை எட்டவில்லை. அதன் பெயர் லாஸ் வேகஸ். அங்கு நிலத்தடி ஊற்று இருந்தது. முதன்மை இருப்புப்பாதை அவ்வழியே சென்றது. 1931இல் அருகில் ஹூவர் அணையின் பணி தொடங்கியது. பின்னர்ப் போர்க்கால விமானத் தளமும் வந்தது. ஒரே பாலை, ஒரே காலம். ஆயினும் ஒன்று பாழூர், மற்றொன்று மாநகர். வெயிலும் மணலும் மட்டும் ஊர்களின் விதியை எழுதவில்லை என்பது இதனால் பெறப்படும்.

3. வானத்துக்கு இட்ட வழித்தடம்

பொன் ஊர்கள் அடங்கிய சில ஆண்டுகளில் பாலைக்குப் புதிய விருந்தாளியாக விமானம் வந்தது. 1918இல் அமெரிக்க அஞ்சல் துறை கடிதங்களை வான்வழி அனுப்பத் தொடங்கியபோது, விமானிகளுக்கு வழிகாட்டும் வானொலிக் கருவிகள் இல்லை. பகலில் இருப்புப்பாதையையும் ஆற்றையும் பார்த்துப் பறந்தனர். இரவில் பறத்தல் அரிது. எனவே, நாட்டின் குறுக்கே சுழல்விளக்குக் கோபுரங்கள் நிறுவப்பட்டன. பல கோபுரங்களின் அடியில், அடுத்த விளக்கு இருக்கும் திசையைச் சுட்டும் பெரிய கான்கிரீட் அம்புக்குறிகள் தரையில் பதிக்கப்பட்டன. இடையிடையே அவசரத் தரையிறக்கத் திடல்களும் அமைக்கப்பட்டன. கடலில் கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் செய்த பணியை இவை நிலத்தில் விமானத்திற்குச் செய்தன.

1929 ஜூலையில் ஒரு நிறுவனம் பகலில் விமானமும் இரவில் தொடர்வண்டியுமாக நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை 48 மணி நேரத்தில் பயணிகளைக் கொண்டுசேர்க்கும் சேவையைத் தொடங்கியது. வழித்தடத்தைத் தேர்ந்தவர் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியே கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்க். நியூ மெக்சிகோவின் குளோவிஸ், அரிசோனாவின் வின்ஸ்லோ, கிங்மன் ஆகிய ஊர்களில் விமானத் தளங்கள் எழுந்தன. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனத்தின் விமானம் ஒன்று நியூ மெக்சிகோவின் டெய்லர் மலையில் மோதி எண்மர் மாண்டனர். ஆண்டு முடிவதற்குள் பங்குச் சந்தையும் வீழ்ந்தது. வானொலி வழிகாட்டல் பரவியதும் சுழல்விளக்குகளும் அம்புக்குறிகளும் தேவையற்றுப் போயின. கோபுரங்களின் இரும்பு பிற பயன்களுக்குப் போயிற்று. கான்கிரீட் அம்புகள் மட்டும், யாருக்கும் வழிகாட்டாமல், இன்றும் சில மேடுகளில் கிடக்கின்றன. ரையோலைட்டைப் பொருளாதாரம் வீழ்த்தியது. வான்வழித் திடல்களைத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சியே பழமையாக்கியது.

4. போர் வந்தது, போர் சென்றது

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் பாலையின் குறைகள் அனைத்தும் நிறைகளாக மாறின. மழையின்மை என்பது ஆண்டு முழுவதும் தெளிந்த வானம். மக்களின்மை என்பது குண்டு வீசிப் பழகத் தடையற்ற வெளி. நிலத்தின் பெரும்பகுதி நடுவண் அரசின் உடைமையாக இருந்ததால் அதைப் பெறுவதும் எளிது. கடற்கரையிலிருந்து விலகியிருந்தமை பாதுகாப்பு. சில மாதங்களில் தென்மேற்கு முழுவதும் ஓடுபாதைகள் முளைத்தன.

1942இல் தளபதி ஜார்ஜ் பேட்டன், வட ஆப்பிரிக்கப் போர்க்களத்திற்குப் படைகளை ஆயத்தப்படுத்த மொஹாவியில் பாலைவனப் பயிற்சி மையத்தை நிறுவினார். கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா ஆகிய மாநிலங்களில் பரந்த அம்மையத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் வீரர் பயின்றனர் என்பர். அதன் ஒரு பகுதியாக ரைஸ் என்னும் சிறு இருப்புப்பாதை ஊருக்கு அருகே விமானத் தளம் அமைந்தது. 1943 மே மாதம் வட ஆப்பிரிக்கப் போர் முடிந்தது; 1944இல் மையம் மூடப்பட்டது. கூடாரங்கள் அகன்றன. வீரர்கள் முகாம்களில் கல் அடுக்கி அமைத்த நடைபாதைகளும் வழிபாட்டு மேடைகளும் எஞ்சின. ரைஸ் விமானத் திடலும் பின்னர்க் கைவிடப்பட்டது. அவ்வூரும் ஆளற்றுப் போயிற்று.

அரிசோனாவின் கிங்மன் தளம் வேறொரு பாடம் தருகிறது. 1942இல் குண்டுவீச்சு விமானங்களின் துப்பாக்கி வீரர்களுக்குப் பயிற்சியளிக்க அத்தளம் தொடங்கப்பட்டது. போர் முடிந்ததும், வறண்ட காற்றில் உலோகம் துருப்பிடிக்காது என்பதால், தேவையற்ற போர் விமானங்கள் அங்குக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. 5,000க்கும் மேற்பட்ட விமானங்கள் வரிசை வரிசையாக நின்றன. ஐரோப்பிய வானில் பலமுறை சென்று மீண்டவையும் அவற்றுள் உண்டு. போர்க்களத்தையே காணாமல் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தவையும் உண்டு. 1946இல் அவை மொத்தமாகத் தனியார் நிறுவனத்திற்கு விற்கப்பட்டு, வெட்டப்பட்டு, உலைகளில் உருக்கப்பட்டு, அலுமினியக் கட்டிகளாயின. ரையோலைட்டின் பலகைகள் பீட்டிக்குச் சென்றதைப் போல, போரின் இறக்கைகள் அமைதிக்கால ஆலைகளுக்குச் சென்றன.

எல்லாத் தளங்களும் பாழாகவில்லை. அரிசோனாவின் மேசா நகருக்கு அருகில் 1941இல் தொடங்கப்பட்ட ஃபால்கன் ஃபீல்டு என்னும் தளத்தில் பிரித்தானிய வான்படை மாணவர்கள் பயின்றனர். பயிற்சியில் உயிர்நீத்தோர் சிலர் மேசா நகர இடுகாட்டிலேயே துயில்கின்றனர். அத்தளம் இன்றும் இயங்கும் விமான நிலையமாக விளங்குகிறது. வளரும் நகரம் ஒன்று அருகில் இருந்ததே காரணம். போருக்குப் பின் உபரித் தளங்களை நடுவண் அரசு உள்ளூர் ஆட்சிகளிடம் ஒப்படைத்தபோது, ஏற்றுப் பேண ஊர் இருந்த இடத்தில் ஓடுபாதை வாழ்ந்தது. ஊர் இல்லாத இடத்தில் கற்றாழையும் புதர்களும் விரிசல்களில் வேரூன்றின.

5. ஒரே நிலம், மூன்று வெளியேற்றங்கள்: மான்சனார்

இதுவரை கூறியவற்றில் வெளியேறியோர் பெரும்பாலும் தாமே வந்து தாமே சென்றவர்கள். அவ்வாறல்லாத வரலாறும் பாலையில் உண்டு. கலிபோர்னியாவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் உள்ள மான்சனார் அதற்குச் சான்று.

சியரா நெவாடா மலையின் பனி உருகிவரும் ஓடைகள் பாயும் அப்பள்ளத்தாக்கில் பையூட் என்னும் பழங்குடி மக்கள் வாழ்ந்தனர். ஓடைநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, உண்ணத்தக்க கிழங்குகளையும் விதைகளையும் விளைவித்தனர். வெள்ளையர் குடியேறியதும் பூசல் மூண்டது. 1863இல் படையினர் ஏறத்தாழ ஆயிரம் பையூட் மக்களைத் தெற்கே தெஹோன் கோட்டைக்கு நடத்திச் சென்றனர். பலர் பின்னர்த் திரும்பி வந்தனர். ஆயினும் நிலமும் நீரும் பிறர் கைக்கு மாறியிருந்தன. இது முதல் வெளியேற்றம்.

1910இல் அங்கு ஒரு பழத்தோட்ட ஊர் தோன்றியது. ஸ்பானிய மொழியில் ஆப்பிள் தோட்டம் என்று பொருள்படும் மான்சனார் என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது. ஆப்பிளும் பேரிக்காயும் விளைந்தன. இதற்கிடையில், தெற்கே வளர்ந்துவந்த லாஸ் ஏஞ்சலஸ் நகரம் இப்பள்ளத்தாக்கின் நீரைக் குறிவைத்தது. 1913இல் 233 மைல் நீளமுள்ள கால்வாய் திறக்கப்பட்டது. நகரம் தொடர்ந்து நிலத்தையும் நீருரிமையையும் வாங்கியது. 1920களில் ஓவன்ஸ் ஏரி வற்றியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மான்சனாரின் தோட்டக்காரர்களும் நிலத்தை விற்று அகன்றனர். நீர் பெயர்ந்ததால் மக்கள் பெயர்ந்த இது இரண்டாம் வெளியேற்றம். நிலம் தன் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற நம் மரபின் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான காட்டு அரிது; வெயிலின் வேலையை இங்கு ஒரு கால்வாய் செய்தது.

1942 பிப்ரவரி 19ஆம் நாள் அதிபர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் ஒப்பமிட்டார். அதன் விளைவாக, மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எவர்மீதும் தனித்தனியே குற்றம் சாட்டவுமில்லை, விசாரிக்கவுமில்லை. அவர்களுக்கென அமைந்த பத்து முகாம்களுள் ஒன்று மான்சனாரில் எழுந்தது. முள்வேலிக்கும் காவற்கோபுரங்களுக்கும் நடுவே, தார்த்தாள் போர்த்திய மரக் கொட்டகைகளில் பதினாயிரம் பேர் வாழ்ந்தனர். பிள்ளைகள் கொட்டகைகளில் பாடம் பயின்றனர். பெற்றோர் மணற்காற்றுக்கு நடுவே கல்லும் நீரும் கொண்டு ஜப்பானிய முறைப் பூங்காக்களை உருவாக்கினர். தோட்டக்காரர் விட்டுச் சென்ற பழமரங்களைப் பேணிக் காய்க்க வைத்தோரும் அவர்களே. நெடுஞ்சாலையின் மறுபுறத்தில், போர்க்காலத்தில் பயன்பட்ட விமானத் திடலின் ஓடுபாதைகளும் இருந்தன. வானத்தை நோக்கிய திடலும் வேலிக்குள் அடைத்த ஊரும் எதிரெதிரே நின்றன.

1945 நவம்பர் 21 அன்று முகாம் மூடப்பட்டது. வந்தபோது வெளியேற்றப்பட்டோர், போகும்போதும் வெளியேற்றப்பட்டனர். பலருக்குத் திரும்பிச் செல்ல வீடில்லை. இது மூன்றாம் வெளியேற்றம். கொட்டகைகள் விற்கப்பட்டும் பிரிக்கப்பட்டும் மறைந்தன. அரங்கக் கட்டடமும், நுழைவாயிற் காவற்கூடங்களும், இடுகாட்டில் 1943இல் எழுப்பிய வெண்ணிற நினைவுத்தூணும் எஞ்சின. மாண்டோரின் ஆவியை ஆற்றுவிக்கும் தூண் என்று பொருள்படும் எழுத்துகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

6. எதை நினைக்கிறோம், எதை விடுகிறோம்

ரையோலைட்டையும் மான்சனாரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படும். பொன் ஊரின் இடிபாடுகள் விரைவிலேயே புகழ்பெற்றன. 1925இலேயே திரைப்பட நிறுவனம் ஒன்று புட்டி வீட்டைப் பழுதுபார்த்துப் படப்பிடிப்புக்குப் பயன்படுத்தியது. மான்சனாரை நினைக்கவோ பலர் விரும்பவில்லை. அங்கு வாழ்ந்தோரே தம் பிள்ளைகளிடம் அதுபற்றிப் பேசத் தயங்கினர். 1969இல் இளைஞர்களும் முதியோருமாகச் சிலர் அங்குப் பயணம் மேற்கொண்டு நினைவுத்தூணின் முன் கூடினர். பின்னர் அப்பயணம் ஆண்டுதோறும் நிகழலாயிற்று. 1988இல் அமெரிக்க அரசு சட்டத்தின் வழி மன்னிப்புக் கோரி, அப்போது உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் இழப்பீடு அளிக்க முன்வந்தது. 1992இல் மான்சனார் தேசிய வரலாற்றிடமாக அறிவிக்கப்பட்டது. எனவே, கட்டடம் எஞ்சியதால் நினைவு எஞ்சியது என்று கூற இயலாது. நினைக்க வேண்டுமென்று சிலர் வற்புறுத்தியதால்தான் அவ்விடம் காக்கப்பட்டது.

பாழிடத்தை வரலாற்றுச் சான்றாகப் படிக்க விழையும் மாணவர் நான்கு வினாக்களை எழுப்பலாம். இவ்விடத்தை உண்டாக்கிய முடிவை எடுத்தவர் யார், அவர் எங்கிருந்தார்? மக்கள் தாமே சென்றனரா, செலுத்தப்பட்டனரா? பிரிக்கப்பட்ட பொருள்கள் எங்கே போயின? இவ்வூருக்கு முன் இங்கு வாழ்ந்தவர் யார்? முதல் மூன்று வினாக்களுக்கும் கட்டடங்களும் ஆவணங்களும் ஓரளவு விடை தரும். நான்காவது வினாவைக் கேட்க மறந்தால், வெற்றுநிலம் என்ற சொல்லை நாம் ஆராயாமல் ஏற்றுக்கொண்டவர் ஆவோம். ரையோலைட்டின் குன்றுகளும் ஷோஷோனி மக்களின் வாழிடமே. சுரங்கம் அவர்கள் பெயரை எடுத்துக்கொண்டது, நிலத்தை அவர்களுக்கு விட்டுவைக்கவில்லை.

இவ்வினாக்கள் பாலைவனத்திற்கு மட்டும் உரியவை அல்ல. நம் நாட்டில் மூடப்பட்ட சுரங்கம், தொடர்வண்டி நில்லாத நிலையம், மாணவர் இல்லாத பழைய பள்ளி ஆகியவற்றின் முன்னும் இவற்றைக் கேட்கலாம். ஆசிரியர்கள் மாணவரை அத்தகைய இடம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, அங்கு வாழ்ந்த முதியோரிடம் உரையாடி எழுதச் செய்வார்களாயின், பாடநூல் தாராத வரலாறு அவர்கள் கைக்கு வரும். காலம் தாழ்த்தலாகாது. அங்கே சுவர்களைக் காக்க வறட்சியாவது துணை நிற்கிறது. இங்கே நினைவுடையோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மான்சனாரில் அண்மைக் காலத்தில் மணலை அகற்றி, முகாம் மக்கள் அமைத்த பூங்காக்களை மீண்டும் வெளிக்கொணர்ந்துள்ளனர். கற்பாலமும் குளத்தின் கரையும் இட்ட இடத்திலேயே இருந்தன. அரசு கொட்டகைகளைக் கட்டியது, பின்னர்ப் பிரித்துச் சென்றது. அடைக்கப்பட்டவர்கள் தம் கையால் வைத்த கற்களை யாரும் பெயர்க்கவில்லை.